சுடுதண்ணி: காய்ச்சிக் குளிப்பதா, காய்ச்சி வைத்துக் குளிப்பதா?

சென்ற முறை ஏரிகளைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் போனில் பேசினீர்கள். இந்த முறை குளியலறைக்குள் போகிறேன். சிரிக்க வேண்டாம். இதிலும் வரலாறு இருக்கிறது, உயிர்ப்பிரச்சினையும் இருக்கிறது.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு போன். என்னிடம் பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்தவன், இப்போது லெஸ்டர் நகரத்தில் வேலை. பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறானாம். நலம் விசாரித்து முடித்ததும், "ஐயா, ஒரு யோசனை கேக்கணும். காம்பி வைக்கட்டுங்களா, சிலிண்டர் வைக்கட்டுங்களா?" என்றான்.

"சிலிண்டர் இல்லாம எப்படிடா சோறாக்குவே?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஐந்து நிமிடம் சிரிப்பு.

அவன் சொன்னது சமையல் கேஸ் சிலிண்டர் அல்ல. அந்த ஊரில் வீட்டுச் சுடுதண்ணிக்கு இரண்டு வழி. ஒன்று, காம்பி பாய்லர்: சுவரில் மாட்டிய ஒரு பெட்டி. குழாயைத் திறந்தால் உள்ளே கேஸ் பற்றிக்கொண்டு, ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே சூடாக்கிக் கொடுக்கும். வீட்டைக் கதகதப்பாக வைக்கும் வேலையும் அதற்கே. இன்னொன்று, ஆள் உயரத்துக்கு ஒரு மூடிய உருளை. அதில் நூற்றைம்பது, இருநூறு லிட்டர் தண்ணீரைக் காய்ச்சிச் சூடு ஆறாமல் பொத்தி வைத்திருப்பார்கள். அதைத்தான் சிலிண்டர் என்கிறான். இரண்டு பிளம்பர்கள் வந்து பார்த்து ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போனார்களாம். "நீங்கதான் எதையும் ஆதியில இருந்து சொல்லுவீங்களே ஐயா" என்றான். அது புகழ்ச்சியா கிண்டலா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அதே வாரம் எங்கள் வீட்டிலும் இதே வழக்கு. வீட்டம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து பொடக்காணிக்கு இறங்கிப் போக முடியவில்லை. படுக்கை அறையை ஒட்டி ஒரு சின்னக் குளியலறை கட்டினோம். மருமகன் "கேஸ் கீசர் மாட்டிரலாம் மாமா, உடனே சுடுதண்ணி, கரண்ட் செலவும் இல்லை" என்கிறார். எலக்ட்ரீசியன் தொட்டி வைத்த கீசர்தான் என்கிறார். லெஸ்டரில் கேட்ட அதே கேள்வி எருமப்பட்டியிலும். ஆகவே இருவருக்கும் சேர்த்து ஆதியிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் அப்பத்தா காலத்தில் பொடக்காணி என்பது நான்கு பக்கமும் பனையோலைத் தட்டி, மேலே வானம். மூலையில் மூன்று கல், அதன் மேல் கரி பிடித்த செம்பு அண்டா. பருத்திமார், சோளத்தட்டு, தென்னை மட்டை, எது கிடைக்கிறதோ அது அடுப்புக்குள் போகும். மார்கழியில் கொல்லிமலைப் பக்கமிருந்து இறங்குகிற காற்று தட்டி இடுக்கு வழியாக முதுகில் குத்தும். அரப்புத் தேய்த்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு சொம்பு சுடுதண்ணி தலையில் விழும் சுகம் இன்று எந்த ஷவரிலும் இல்லை. இதை நான் சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

பிறகு வசதியான வீடுகளில் செம்புப் பாய்லர் வந்தது. எங்கள் அப்பா வாங்கியது இன்றும் பரண் மேல் இருக்கிறது. நடுவில் ஒரு குழாய், அதில் கரியோ சுள்ளியோ எரியும். அந்தக் குழாயைச் சுற்றித் தண்ணீர். மேலே ஒரு புனல். புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது உள்குழாய் வழியாக அடிக்குப் போகும். மேலே நிற்கும் ஒரு சொம்பு சுடுதண்ணி மூக்கு வழியாக வெளியே வரும். சிறுவயதில் இதைப் பெரிய மந்திரமாக நினைத்தேன். சூடான தண்ணீர் லேசானது, மேலே நிற்கும், குளிர்ந்தது கனமானது, கீழே தங்கும், அவ்வளவுதான். இன்றைக்குக் கடையில் விற்கும் கீசரும், லெஸ்டர் சிலிண்டரும் இதே வேலையைத்தான் செய்கின்றன. கீழே குளிர்ந்தது நுழைந்தால்தான் மேலே சுடுதண்ணி வெளிவரும். தொட்டி ஒருபோதும் காலியாவதில்லை.

டீக்கடைப் பாய்லரும் இதன் தம்பிதான். அதற்குள் ஒரு காசு போட்டு வைப்பார்கள். தண்ணீர் கொதிக்கும்போது காசு கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் மாஸ்டர் மூடியைத் திறந்து பார்ப்பார். இதைவிட மலிவான எச்சரிக்கை மணியை எந்தப் பொறியாளரும் செய்ததில்லை.

இந்தப் பழைய ஏற்பாடுகளில் நாம் கவனிக்காத இரண்டு நல்ல விஷயங்கள் இருந்தன. தண்ணீர் சூடானால் பருமன் கூடும். அண்டா திறந்தது, பாய்லருக்குப் புனல் உண்டு, கூடிய தண்ணீர் தானாக வழிந்துவிடும். நெருப்பு எரிந்தால் புகை வரும். தட்டிக்கு மேலே வானம், புகை போய்விடும். இரண்டுக்கும் யாரும் திட்டம் போடவில்லை. திறந்தவெளி என்பதால் தானாக அமைந்தது. குளியலை வீட்டுக்குள் கொண்டுவந்த நாளிலிருந்துதான் சிக்கல் தொடங்கியது. இனி வரும் வரலாறு முழுவதும் "கூடும் தண்ணீர் எங்கே போவது, வரும் புகை எங்கே போவது" என்ற இரண்டு கேள்விகளின் வரலாறுதான்.

1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்ற பெயிண்டர், கேஸ் நெருப்பில் ஓடும் தண்ணீரைச் சூடாக்கும் கருவி ஒன்று செய்தார். ஐஸ்லாந்தில் பூமிக்குள்ளிருந்து பீறிடும் கெய்சிர் என்ற வெந்நீர் ஊற்றின் பெயரை அதற்கு வைத்தார். நம் 'கீசர்' அங்கிருந்து வந்த சொல்தான். வேடிக்கை என்னவென்றால், அங்கே அந்தச் சொல் ஓட்டத்தில் சூடாக்கும் கேஸ் கருவிக்கே உரியது. நாம் தொட்டி வைத்த மின்சாரக் கருவிக்கும் அதையே ஒட்டிவிட்டோம். மாகனுடைய கருவியில் புகைபோக்கி கிடையாது. எரிந்த காற்று அப்படியே குளிப்பவர் நிற்கும் அறைக்குள் வரும். அதைப் பிறகு வருகிறேன்.

அடுத்து 1889-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எட்வின் ரூட் என்ற நார்வேக்காரப் பொறியாளர், தானாகவே எரிந்து தானாகவே அணையும் தொட்டிச் சூடேற்றியைச் செய்தார். ஆக 'ஓட்டத்தில் சூடாக்குவது', 'காய்ச்சி வைப்பது' என்ற இரு கட்சிகளும் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. ஜெர்மனியில் ஹ்யூகோ ஜங்கர்ஸ் 1895-இல் டெஸ்ஸாவ் நகரில் கேஸ் சூடேற்றிக் கம்பெனி தொடங்கினார். அந்த ஜங்கர்ஸ்தான் 1915-இல் முழுக்க உலோகத்தால் ஆன விமானத்தைப் பறக்கவிட்டவர். வகுப்பில் முதல் உலகப் போர் நடத்தும்போது அவர் விமானத்தைச் சொல்லியிருக்கிறேன், அவர் வெந்நீர்க்காரர் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூரிய வெப்பத்திலும் இதே வாதம் நடந்தது. 1891-இல் கிளாரன்ஸ் கெம்ப் என்ற அமெரிக்கர் கறுப்புத் தொட்டிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்றார். சாயங்காலம் சூடு, விடிந்தால் பச்சைத் தண்ணீர். 1909-இல் வில்லியம் பெய்லி என்பவர் கலிஃபோர்னியாவில், சூடாக்கும் இடம் வேறு, பொத்தி வைக்கும் தொட்டி வேறு என்று பிரித்தார். 'பகலும் இரவும்' என்று பெயர் வைத்தே விற்றார். இன்று நாமக்கல் மொட்டை மாடிகளில் நீங்கள் பார்க்கும் சோலார் தொட்டிகள் அந்த வழியில் வந்தவை. அவற்றின் மேல் ஒரு மெல்லிய குழாய் வானத்தைப் பார்த்து நிற்குமே, அது சும்மா நிற்கவில்லை. கூடும் தண்ணீரும் ஆவியும் வெளியேறுகிற வழி அது. பொடக்காணியின் திறந்த வாய் இப்போது மொட்டை மாடியில் முக்கால் அங்குலக் குழாயாக நிற்கிறது.

இங்கிலாந்துக்காரர்களும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் குழாய்த் தண்ணீர் நாள் முழுதும் வராது. வரும்போது பிடித்துவைக்க வேண்டும். நம் ஊர் போலவே என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வீட்டுக் கூரைக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து கீழே செம்பு உருளைக்குத் தண்ணீர், உருளையிலிருந்து ஒரு குழாய் மேலேறித் தொட்டிக்கு மேல் வளைந்து நிற்கும். சூடாகிக் கூடினால் அங்கே வழியும். பாதுகாப்பான ஏற்பாடு. ஆனால் குழாயில் வேகம் இருக்காது. அதற்குப் பழகி வேறு விதமாக யோசிக்கவே மறந்துவிட்டார்கள். தெருக்குழாயின் அழுத்தத்திலேயே நிற்கும் மூடிய உருளையை அங்கே அனுமதித்தது 1980-களின் நடுவில் கட்டட விதிகளை மாற்றிய பிறகுதான்.

ஏன் அவ்வளவு தயக்கம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் பருமன் சுமார் 1.6 சதவீதம் கூடும். 200 லிட்டருக்கு மூன்று லிட்டருக்கு மேல். மூடிய பாத்திரத்தில் அந்த மூன்று லிட்டர் எங்கே போகும்? தண்ணீரை அமுக்க முடியாது. பாத்திரத்தைத்தான் அது அமுக்கும். தெர்மோஸ்டாட் கெட்டுப்போய்ச் சூடு 100 டிகிரியைத் தாண்டினால் இன்னும் மோசம். அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் கொதிக்காமல் காத்திருக்கும். எங்காவது வெடிப்பு விட்டால் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். சுவரோடு பிய்த்துக்கொண்டு போகும்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் இதற்கெல்லாம் முந்தியவர். 1679-இல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டன் ராயல் சொசைட்டியில் எலும்பை வேகவைக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைக் காட்டினார். அழுத்தம் எல்லை மீறினால் எடைக்கட்டியைத் தள்ளிக்கொண்டு ஆவி வெளியேறும் வால்வையும் அதற்குச் செய்தார். உங்கள் வீட்டுக் குக்கரில் விசில் அடிக்கும் வெயிட் அந்த வால்வின் பேத்தி. கீசரின் பக்கத்தில் பித்தளையில் சின்னதாக ஒன்று தொங்கும், அதுவும் அதே குடும்பம்தான். லெஸ்டர் சிலிண்டரில் இதைவிடக் கூடுதல் ஏற்பாடு. வால்விலிருந்து வரும் தண்ணீர் ஒரு சின்னப் புனலில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி விழ வேண்டும் என்று விதி. சொட்டினால் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும். எங்கள் அப்பா வாங்கிய பாய்லரின் புனலும் டீக்கடைக் காசும் எனக்கு நினைவுக்கு வந்தன.

இனி புகை. இது நான் படித்தது அல்ல, பட்டது.

பல வருஷத்துக்கு முன்னால் வெளியூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். தை மாதம், நல்ல குளிர். சின்னக் குளியலறை. உள்ளேயே கேஸ் கீசர். மேலே இருந்த வெண்டிலேட்டரைக் குளிருக்காகக் கண்ணாடி வைத்து அடைத்திருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு ஆனந்தமாகக் குளித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தலைவலி, பிறகு கால் இரண்டும் என்னுடையது இல்லை என்பது போல ஒரு தளர்ச்சி. வயசாகிறது, பித்தம் என்று நினைத்துக்கொண்டே சுவரைப் பிடித்தேன். அப்படியே கதவின் மேல் சாய்ந்தேன். தாழ்ப்பாள் சரியாக விழாமல் இருந்தது என் முன்னோர் செய்த புண்ணியம். கதவு திறந்துகொண்டது, துண்டோடு கூடத்தில் விழுந்தேன். மானம் போனது, உயிர் தங்கியது.

நடந்தது இதுதான். கேஸ் எரியக் காற்று வேண்டும். அடைத்த அறையில் காற்றில் உள்ள ஆக்சிஜன் குறையக் குறைய நெருப்பு அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண் எரியாது. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட அதை இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மயக்கம் வருகிறது என்று உணரும்போதே எழுந்து நிற்கக் காலில் பலம் இருக்காது. குளியலறையில் இளம் தம்பதியர் இறந்துகிடந்தார்கள் என்று வருஷந்தோறும் குளிர்காலத்தில் பேப்பரில் படிக்கிறோமே, அவற்றில் பல இதுதான். 1868-இல் மாகன் வைக்காமல் விட்ட புகைபோக்கி இன்னும் எத்தனையோ வீடுகளில் வைக்கப்படவில்லை. லெஸ்டர் காம்பியில் நெருப்பு இருக்கும் அறை முழுக்க மூடியது. வெளியிலிருந்தே காற்றை இழுத்து வெளியிலேயே புகையை விடும். நம் ஊரில் கேஸ் கீசர் வைப்பதானால் கருவி குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் இருக்கட்டும், சுடுதண்ணி மட்டும் குழாயில் உள்ளே வரட்டும். எங்கள் புதிய குளியலறையில் அதற்கு வாய்ப்பான சுவர் இல்லை. மருமகனிடம் இதைச் சொன்னேன். அவர் நல்லவர், நான் கூடத்தில் விழுந்த கதையைக் கேட்டதும் வாதத்தை விட்டுவிட்டார்.

மின்சாரத்திலும் ஓட்டத்தில் சூடாக்கும் கருவி உண்டு. மறுபடி கணக்கு. நம் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி. குளிக்க 40 போதும். 3 கிலோவாட் கருவி நிமிடத்துக்கு மூன்று லிட்டர்கூட முழுசாகத் தராது. ஒரு வாளி நிறைய ஐந்து நிமிடம். அதுவும் 13 ஆம்பியர் இழுக்கும், பழைய வயரில் மாட்டினால் பிளக் உருகும். 15 லிட்டர் தொட்டிக் கீசர், 2 கிலோவாட், 60 டிகிரிக்குக் காய 18 நிமிடம் ஆகும். ஆனால் பச்சைத் தண்ணீர் கலந்தால் 35 லிட்டர் கிடைக்கும். செலவு முக்கால் யூனிட்டுக்கும் கீழே. முழங்கால் வலியோடு முக்காலியில் உட்கார்ந்து மெதுவாகக் குளிப்பவருக்கு, காய்ந்து தயாராக இருப்பதுதான் உதவும்.

ஒரு குறை உண்டு. எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளை படிவது போலக் கீசர் கம்பியிலும் படியும். அதனால் உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு உள்ள தொட்டியும், துரு தன்னைத் தின்னட்டும் என்று தானே கரைந்துபோகும் மக்னீசியக் கம்பியும் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். எர்த் சரிபார்த்து, ஷாக் அடித்தால் தானே அணைகிற ஆர்.சி.சி.பி. ஸ்விட்சும் போட்டாயிற்று.

லெஸ்டர்காரனுக்கு நான் சொன்னது வேறு. அங்கே தண்ணீர் 10 டிகிரியில் வரும். அதை ஓட்டத்திலேயே 45-க்கு ஏற்ற, நிமிடத்துக்கு 10 லிட்டருக்கே 24 கிலோவாட் வேண்டும். ஒரு குளியலறைக்கு அது போதும். அவன் வீட்டில் ஐந்து பேர், இரண்டு குளியலறை. காலையில் மேலே ஒருவர் ஷவரைத் திறந்தால் கீழே இருப்பவர் கத்துவார். தவிரவும் பின்னாளில் கேஸை விட்டு வெப்பப் பம்புக்கு மாறினால், அது மெதுவாகத்தான் சூடாக்கும், காய்ச்சி வைக்கச் சிலிண்டர் இல்லாமல் முடியாது. ஆனால் ஒன்று. தெருக்குழாயில் வேகம் இல்லாவிட்டால் இரண்டுமே பயன்படாது. "பிளம்பரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வாளியும் கைக்கடிகாரமும் எடுத்துட்டு அடுப்படிக் குழாய்க்குப் போ. ஒரு நிமிஷத்துல எத்தனை லிட்டர்னு எனக்குச் சொல்லு" என்றேன். சிலிண்டர் வைத்தால் 60 டிகிரிக்குக் குறையாமல் வைக்கவும் சொன்னேன். 1976-இல் பிலடெல்பியா நகர ஹோட்டலில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டில் பரவிய லீஜியனெல்லா கிருமி, வெதுவெதுப்பாக நிற்கும் தண்ணீரில் செழித்து வளரும்.

எங்கள் வீட்டு கீசர் போன புதன்கிழமை மாட்டியாயிற்று. மறுநாள் பிளம்பர் தம்பி வந்தார். பித்தளை வால்விலிருந்து தண்ணீர் சொட்டி டைல்ஸில் கறை விழுகிறது என்று, "ஒரு எண்ட் கேப் போட்டு அடைச்சிடறேங்க சார், நிறைய வீட்ல அப்படித்தான் பண்ணித் தர்றோம்" என்றார். கையில் கேப்பும் டேப்பும் தயார்.

அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குப் போனால் ஒரு டம்ளர் தண்ணீர் கூடும், அந்த ஒரு டம்ளர் வெளியே போகிற ஒரே வாசல் அதுதான் என்று ஒரு டம்ளரையே காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் கேப்பைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப நான் அடைச்ச வீடு ஏழெட்டு இருக்குங்க சார்" என்றார். அன்று சாயங்காலமே ஒவ்வொன்றாகப் போய்க் கழற்ற ஆரம்பித்திருக்கிறார். அலங்காநத்தம், பவித்திரம் பக்கம் இருக்கும் என் மாணவர்கள் யாராவது உங்கள் வீட்டுக் கீசரில் அந்த வால்வு அடைபட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அடைபட்டிருந்தால் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த வால்வுக்கு ஒரு மெல்லிய குழாய் மாட்டிச் சுவர் வழியாக வெளியே விட்டிருக்கிறோம். பழைய வெந்நீர் அடுப்பு இருந்த மூலையில், கறிவேப்பிலைச் செடியின் அடியில் போய்ச் சொட்டுகிறது.

நேற்று லெஸ்டரிலிருந்து செய்தி வந்தது. நிமிடத்துக்கு 22 லிட்டராம்.